மாலையைக் கழற்றியதும் வைராக்கியம் எங்கே போனது?

ஜனவரி பிறந்து பத்து நாள் ஆகியிருக்காது, டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் கேலி தொடங்கிவிடும். சபதம் எடுத்தவர்களெல்லாம் எங்கே? ஜிம்முக்குக் கட்டிய பணம் என்ன ஆச்சு? நடைக்கென்று வாங்கிய ஷூ பெட்டியை விட்டு வெளியே வந்ததா? கேலியின் வாலைப் பிடித்துக்கொண்டு உபதேசமும் வரும். எல்லாம் வைராக்கியம் இல்லாத குறை, மனசு வைத்தால் ஆகாதது உண்டா, காந்தியைப் பார், ஐ.ஏ.எஸ். தேர்வில் முதலிடம் வாங்கியவர்களைப் பார். பாதிப் பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மீதிப் பேர், இது தங்களைத்தான் என்று உள்ளுக்குள் குறுகிப்போவார்கள்.

குறுக வேண்டியதே இல்லை. எடுத்த காரியத்தை முடிக்கிறவருக்கும் பாதியில் விடுகிறவருக்கும் நடுவில் இருப்பது மன உறுதியின் ஏற்றத்தாழ்வு என்கிறார்களே, அது நிற்கிற வாதம் இல்லை. காரியத்தைச் சுற்றி என்ன ஏற்பாடு இருந்தது, யார் கூட இருந்தார்கள், எப்போது முடியும் என்று தெரிந்திருந்ததா, பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன. சாட்சிக்கு வெளியூர் போக வேண்டாம். ஆர்.கே.புரத்திலேயே கிடைக்கும்.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பன் கோயிலில் மாலை போட்டுக்கொள்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், சனிக்கிழமை இரவு நண்பர்களோடு விஸ்கி. அலாரம் எத்தனை முறை அடித்தாலும் எழுந்திருக்காத ஆசாமி. மாலை கழுத்தில் ஏறியதும் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார். டெல்லி டிசம்பரில் மொட்டைமாடி டாங்கிலிருந்து வருகிற தண்ணீர் கையில் பட்டாலே விரல் மரத்துப்போகும். அதில் தலைக்குக் குளிக்கிறார். செருப்பில்லாமல் நடக்கிறார். சிகரெட் கிடையாது, மது கிடையாது, வெளிச்சாப்பாடு கிடையாது. 41 நாள். மண்டல பூஜையை ஒட்டி மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறார். ஜனவரி முதல் தேதி, இனிமேல் சிகரெட்டையே தொடுவதில்லை என்று சபதம். பொங்கலுக்கு முன்பே அலுவலக வாசல் டீக்கடை ஓரத்தில் புகை கிளம்பிவிடுகிறது.

வைராக்கியம்தான் எல்லாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். மனிதர் மாறவில்லை, மனசு மாறவில்லை, சிகரெட்டும் மாறவில்லை. நடுவில் கழிந்தது சில நாள். அத்தனை திடமாக இருந்த உறுதி எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனது?

சாமி பயம் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். ஐயப்பன் ஜனவரியிலும் அங்கேதான் இருக்கிறார். இவருக்குப் பக்தியும் குறையவில்லை. அடுத்த வருடமும் மாலை போடுவார். குறைந்தது வேறு. விரதத்தின்போது கழுத்தில் ஓர் அடையாளம் தொங்கியது. அதைப் பார்த்ததும் சிகரெட் நீட்டிய சகஊழியரின் கை தானாகப் பின்வாங்கியது. மேலதிகாரி முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரை எல்லோரும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடப்படுகிறவர் மதுக்கடை வரிசையில் போய் நிற்க முடியாது. வீட்டில் சமையலே மாறியது. அதற்காக அவருக்கு முன்னால் எழுந்து பாத்திரம் துலக்கிய மனைவியின் வைராக்கியத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது தனிக்கதை. சாயங்காலமானால் யார் வீட்டிலாவது பஜனை. அதாவது, கை அரிக்கிற நேரத்தில் கைக்கு வேலை இருந்தது. தடுமாறினால் கேட்பதற்குக் குருசாமி இருந்தார். செங்கன்னூர் வரை கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது எந்தத் தேதியில் முடியும் என்று தெரியும்.

ஜனவரி முதல் தேதி சபதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கும் தெரியாமல், மனசுக்குள், வாழ்நாள் முழுமைக்கும் எடுத்துக்கொண்ட முடிவு அது. இத்தனை தூண்களையும் எடுத்துவிட்டு, கூரை விழுந்ததற்குக் கூரையைத் திட்டுகிறோம்.

மன உறுதி என்பது தீர்ந்துபோகிற சரக்கு, அதைச் சேமித்துச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு கொள்கை கால் நூற்றாண்டாகச் சுயமுன்னேற்ற நூல்களில் உலவுகிறது. 1998ல் ராய் பாமைஸ்டர் குழுவினர் அமெரிக்காவில் செய்த சோதனையிலிருந்து அது வந்தது: சாக்லேட்டின் வாசனையில் உட்கார்ந்து முள்ளங்கி தின்ன வைக்கப்பட்டவர்கள், பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்களாம். 2016ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் கொள்கையைத் திரும்பச் சோதித்தபோது விளைவு ஏறக்குறையப் பூஜ்ஜியம். இன்னொன்று இதைவிடச் சுவையானது. 2012ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 205 பேரிடம் அன்றாடம் வந்துபோகும் ஆசைகளை அவ்வப்போது கேட்டுக் குறித்தார்கள். தன்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் குறைவாகவே மல்லுக்கட்டினார்கள். சண்டை வருகிற இடத்துக்கே அவர்கள் அதிகம் போவதில்லை. நாம் ‘இரும்பு மனுஷன்’ என்று மெச்சுகிறவர், பல நேரங்களில், வீட்டில் மிக்ஸர் டப்பா வாங்கி வைக்காதவர்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிற பேச்சும் இப்படித்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை முடிந்தவர்களுக்குப் புது முகம் பழக அவ்வளவு நாளாவது ஆகிறது என்று 1960ல் எழுதியது, கை மாறி மாறி இப்படி ஆகிவிட்டது. லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது நடுக்கணக்கு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய சேதமும் இல்லை. 22ஆம் நாள் காலை எழ முடியாதவர் தன்னைத்தானே நொந்துகொள்ள இதில் எங்கே இடம் இருக்கிறது?

சபதமே வீண் என்று கேலி செய்கிற கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஜான் நார்க்ராஸ் என்ற உளவியலாளர் 200 பேரின் புத்தாண்டு முடிவுகளைத் தொடர்ந்து கேட்டுவந்தார். ஒரு வாரத்தில் 77 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள். ஆறு மாதத்தில் 40. இரண்டு வருடத்தில் 19. அரைக்கிணறு என்று சிரிக்கலாம். ஆனால் 2002ல் அவரே வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் பார்க்க வேண்டும். மாற வேண்டும் என்று ஒரே அளவு விரும்பியவர்களில், ஜனவரியில் முடிவு எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறாம் மாதத்தில் வெற்றி என்றார்கள். ஆசை மட்டும் பட்டு முடிவு எடுக்காதவர்களில் 4 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்குதான், கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்படியும், தேதி குறித்துத் தொடங்குவதில் ஏதோ இருக்கிறது. நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழைகளைப் பற்றிப் பேசும்போது இந்த வைராக்கிய வாதம் இன்னும் கொடுமையாகிவிடுகிறது. குடிக்கிறவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை, கையில் காசு தங்காது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஃப்ராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிற 229 பேரிடம் நடத்திய ஆய்வு 2019ல் வெளியானது. அவர்கள் தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். பிறகு ஒரு கேள்வி வைத்தார்கள்: குடிக்காமல் வந்தால்தான் முழுப்பணம் என்கிற நிபந்தனை வேண்டுமா, எப்படி வந்தாலும் பணம் என்கிற ஏற்பாடு வேண்டுமா? பாதிக்கு மேற்பட்டவர்கள் நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கினர், நிபந்தனையில்லாத பணம் நிச்சயமாக அதிகம் என்று தெரிந்தும், அன்றாட வருமானத்தில் பத்து சதவீதம் அளவுக்கு இழந்துகூட, நிபந்தனைதான் வேண்டும் என்றார்கள்.

கொஞ்சம் நின்று இதை யோசிக்க வேண்டும். உடம்பு வலிக்குக் குடிக்கிற மனிதர், நாள் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து, தன்னைக் கட்டிப்போடுகிற கயிற்றை விலைக்குக் கேட்கிறார். மனம் இல்லாதவரா அவர்? கயிறு கிடைத்ததும் பகல் குடி குறைந்தது. மொத்தக் குடி குறையவில்லை, இரவுக்குத் தள்ளிப்போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேமிப்பு 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. பகலில் தெளிவாக இருந்த மனிதர் காசை எடுத்துவைத்தார். அவரிடம் எப்போதும் இல்லாமல் இருந்தது சேமிக்கிற எண்ணம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நம் அம்மாக்கள் இதை ஆய்வில்லாமலே அறிவார்கள். கரோல்பாக் வீடுகளில் சீட்டுக் கட்டிய பெண்கள் தனியாகச் சேர்த்திருந்தால் சேர்ந்திருக்காத பணத்தை, மாதம் பிறந்தால் பக்கத்து வீட்டு மாமி முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதற்காகச் சேர்த்தார்கள்.

டெல்லி நகரமே ஒருமுறை புத்தாண்டு சபதம் எடுத்தது. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண் கார், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண் கார். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை; மீறினால் 2,000 ரூபாய் அபராதம். சிவப்பு விளக்கையே மதிக்காத ஊர், இது ஒருநாள் கூத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு. பெருவாரியானவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பல வருடம் ஒரே மாடியில் இருந்தும் பேசாதவர்கள் ஒரே காரில் அலுவலகம் போனார்கள். டெல்லிக் கார்க்காரர்களுக்கு டிசம்பர் 31 இரவில் திடீரென்று வைராக்கியம் சுரந்துவிட்டதா என்ன? விதி, நம்பர் பலகையைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரிகிற அளவுக்கு எளிமையானது. பக்கத்துக் கார்க்காரர் மீறினால் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிகளை மூடி அவற்றின் பேருந்துகளைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். சந்திப்புகளில் தொண்டர்கள் நின்றார்கள். பதினைந்தே நாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே வருடம் ஏப்ரலில் இரண்டாம் சுற்று. இம்முறை பள்ளிகள் திறந்திருந்தன, முந்தைய சுற்றைப்போல் பேருந்துகளைத் திரட்ட முடியவில்லை, நெரிசல் திரும்பிவிட்டது என்ற புகார் எழுந்தது. மக்களின் மனம் மூன்று மாதத்தில் கெட்டுவிடவில்லை, ஏற்பாடு தளர்ந்தது. 2019 நவம்பரில் மறுபடி ஓடியது. 2023 நவம்பரில் அறிவித்துவிட்டு, மழை பெய்து காற்று கொஞ்சம் தெளிந்ததும் தள்ளிவைத்தார்கள். மழை வந்ததும் ஜிம்மை ஒத்திப்போடுகிறவரைக் கேலி செய்கிற நாம், அரசு அதையே செய்தால் ‘நிர்வாக முடிவு’ என்கிறோம். திட்டத்தால் காற்று எவ்வளவு சுத்தமானது என்பது இன்னும் சர்ச்சைதான். நான் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை, கீழ்ப்படிதலைப் பற்றிச் சொல்கிறேன்.

டெல்லியில் இந்த வைராக்கியப் பக்தியின் தலைமைப்பீடம் பழைய ராஜேந்திர நகரும் முகர்ஜி நகரும். சுவரெல்லாம் முதலிடம் பெற்றவர்களின் முகங்கள். கூடவே, உழைத்தால் நீயும் வரலாம் என்கிற வாசகம். குடிமைப்பணித் தேர்வுக்கு வருடந்தோறும் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்வில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். எல்லோருமே இரவு பகலாக உழைத்தாலும் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் உள்ளே போக முடியும். வெளியே நிற்கிறவர்களின் மன உறுதியில் குறை கண்டுபிடிப்பதற்கு முன்னால், கழித்தல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த உண்மை தெரியும். தெருவுக்குத் தெரு ‘லைப்ரரி’ என்று பலகை தொங்கும். உள்ளே போனால் புத்தக அலமாரி இருக்காது. பிளைவுட் தடுப்பு வைத்த மேசைகள், ஆளுக்கொரு விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட், பெயர் எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு. கண்ணெதிரே தடுப்பில் தேர்வுத் தேதி. இருமினால்கூட நாலு தலை திரும்பும். தங்க அறை இருந்தும் மாதவாடகை கொடுத்து இந்த நாற்காலியை ஏன் எடுக்கிறார்கள்? அறையில் கட்டில் இருக்கிறது, இங்கே இல்லை. இங்கே இரண்டு பக்கமும் ஆள் படித்துக்கொண்டிருக்கிறார். பயிற்சி மையம் மேடையில் மன உறுதியை விற்கிறது. மாணவன் பக்கத்துத் தெருவில் நாற்காலியை வாங்குகிறான். மாணவன்தான் புத்திசாலி. இந்த நாற்காலிகளில் பல நிலவறைகளில் இருந்தன என்பதை நாடு தெரிந்துகொண்டது, 2024 ஜூலை 27 அன்று ராஜேந்திர நகரில் வெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்தபோது. அந்த மூவரின் உழைப்பில் குறை இருந்தது என்று எந்த உபதேசியும் சொல்லமாட்டார். குறை எங்கே இருந்தது என்று தெரியும்.

டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரனையும் இந்தப் பட்டியலில் இழுப்பார்கள், தனிமனித உறுதிக்கு உதாரணமாக. அவர் வேலையிடங்களில் மாட்டியது பொன்மொழிப் பலகை இல்லை. குறித்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று இறங்குமுகமாகக் காட்டும் கடிகாரம். ஷாதரா–தீஸ் ஹசாரி பாதை 2002 டிசம்பரில் திறந்தது; முதல் கட்டம் முழுவதும் 2006ல், குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

காந்தி? அவரைத்தான் எல்லோரும் கடைசி ஆயுதமாக எடுப்பார்கள். 1888ல் லண்டன் புறப்படும் முன் மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்தது தனக்குத்தானே இல்லை. தாயாரின் முன்னிலையில், பேச்சார்ஜி சுவாமி என்ற சமணத் துறவி செய்துவைத்த சத்தியம் அது. லண்டனில் முதலில் அரைவயிறாகத்தான் இருந்தார். ஃபேரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார். பிறகு சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து, அதே எண்ணமுள்ள மனிதர்களுக்கு நடுவில் வாழ்ந்தார். சாட்சி, உணவகம், சங்கம். பின்னாளில் ஆசிரமம் முழுவதும் மணியடித்து நடந்தது. காந்தி தன் மனத்தை நம்பியதைவிடத் தன் ஏற்பாடுகளை நம்பினார் என்று சொன்னால் அவருக்கு ஒரு குறைவும் வராது.

எல்லாவற்றையும் சூழ்நிலை மேல் போட்டால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கோயிலுக்குப் போய் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டது அந்த மனிதர்தான். நிபந்தனையைக் கேட்டு வாங்கியது ரிக்‌ஷாக்காரர்தான். பொறுப்பு அந்த இடத்தில் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக நிற்கிற இடத்தில் இல்லை. பல்லைக் கடிக்கச் சொல்கிறவர்களில் சிலருக்கு அதில் லாபமும் உண்டு. அமெரிக்க ஜிம்களின் கணக்கை ஆராய்ந்து 2006ல் வெளியான கட்டுரை ஒன்று, மாதக் கட்டணம் கட்டியவர்கள் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்று காட்டியது. பத்துமுறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர். லஜ்பத் நகர் முதல் துவாரகா வரை ஜனவரியில் தொங்குகிற வருடச் சந்தா தள்ளுபடிப் பலகைகளைப் பாருங்கள். வரப்போகிறவரை நம்பி அந்த விலை வைக்கப்படுவதில்லை.

இனி, டெல்லியில் அதிகம் எடுக்கப்பட்டு அதிகம் கைவிடப்படுகிற சபதத்துக்கு வருகிறேன்: விடியற்காலை நடை. ஜனவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிக்க ஏழே கால் ஆகும். சென்னையில் ஆறரைக்கே உதித்துவிடும். மூடுபனி. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே போகாமல் மூடியிட்டதுபோல் தங்கிவிடுவதால், வாகனப்புகையும் குப்பை எரித்த புகையும் காலையில்தான் செறிந்து கிடக்கும். காற்றுத்தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’, 400ஐத் தாண்டினால் ‘கடுமை’. இரண்டும் இந்த மாதத்துக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் அதிகாலை நடையைத் தவிர்க்கும்படி நுரையீரல் மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆக, ஜனவரி 5ஆம் தேதி ரஜாய்க்குள்ளிருந்து எழ மறுத்த மயூர் விஹார் மாமாவின் உடம்பு, அவருடைய மருமகன் அனுப்பிய பொன்மொழியைவிட விவரமானது.

நாளை மாற்றுங்கள். பிப்ரவரி கடைசியில் குளிர் விடும், காற்றும் கொஞ்சம் இளகும். போகன்வில்லா பூக்கிற அந்த நாலைந்து வாரம் லோதி தோட்டத்தில் நடக்க யாருக்கும் வைராக்கியம் தேவைப்படாது. அதுவரை மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறலாம். மதியம் இரண்டு மணி வெயிலில், அலுவலக வளாகத்துக்குள், நிலக்கடலை கொறித்துக்கொண்டே ஒரு சுற்று நடக்கலாம். உத்யோக் பவனிலும் கிருஷி பவனிலும் வேலை பார்த்தவர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். முக்கியமாக, எதிர்வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மார்ச் முதல் தேதி ஆறரை மணிக்கு அவர் வந்து உங்கள் வீட்டு மணியை அடிக்க வேண்டும் என்று. மே மாத வெயில் தொடங்கியதும் நிறுத்திவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ள அது உதவும்.